கயிறு பிடிக்க ஒரு மச்சான்

வானத்தில் வளையம் கட்டப் புறப்பட்ட கம்பெனி முதலில் அனுப்பியது படித்த பொறியாளர்களை. நிலையத்துக்கு வெளியே கால் வைத்ததும் அவர்களில் பாதிப் பேர் தலைக்கவசத்துக்குள்ளேயே வாந்தி எடுத்தார்கள். மீதிப் பாதி, நானூறு கிலோமீட்டர் கீழே சுழலும் பூமியைப் பார்த்து "அழகு, அழகு" என்று சொல்லிக்கொண்டே இருந்ததில் ஆறு மாதத்தில் மொத்தம் நான்கு போல்ட் முடுக்கினார்கள். அதில் ஒன்று மறை கழன்றிருந்தது.

அதன் பிறகுதான் கம்பெனி புன்னைக்காயலுக்கு வந்தது. அங்கே சங்கு குளிக்கிறவர்கள் இருந்தார்கள். காலுக்குக் கீழே தரை இல்லாமல், மேலே எது கீழே எது என்று கவலைப்படாமல், மூச்சை எண்ணிக்கொண்டு வேலை பார்ப்பது அவர்களுக்குப் பழகிப்போன சங்கதி. பதினொரு பேர் சம்மதித்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும்.

கம்பெனிக்கு விளங்கவில்லை. விளக்கினார்கள். கடலுக்குள் இறங்குகிறவனின் இடுப்புக் கயிறு படகில் ஒருவன் கையில் இருக்கும். அந்த ஒருவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாக இருப்பது வழக்கம். அண்ணன் தம்பி பிடித்தால் பாகப்பிரிவினை ஞாபகம் வரலாம். சிநேகிதன் பிடித்தால் கொட்டாவி வரலாம். மச்சான் பிடித்தால் இரண்டும் வராது. கயிறு நழுவினால் தங்கச்சி தாலியறுத்து நிற்பாள், அவள் முகத்தில் ஆயுசுக்கும் முழிக்க வேண்டும் என்ற ஒரே நினைப்புதான் இருக்கும்.

கம்பெனி யோசித்தது, வேறு வழியில்லாமல் ஒப்பந்தத்தில் நாற்பத்தொன்றாம் பிரிவாக அதைச் சேர்த்தது. இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்: வெளியே போகிறவர்கள் பதினொருவர், கயிறு பிடிக்கிற மச்சான்மார் பதினொருவர். அவர்கள் அத்தனை பேரும் சம்மதிக்காமல் அந்தப் பிரிவில் ஒரு கமாவைக்கூட நகர்த்த முடியாது.

தொம்மையின் கயிறு இன்னாசியின் கையில் இருந்தது. தொம்மை, இன்னாசியின் தங்கை கித்தேரியைக் கட்டியவன். கித்தேரியும் மேலேயே இருந்தாள். நிலையத்தின் கணினிகளும், எல்லாரும் விடுகிற மூச்சைச் சுத்தம் செய்து திருப்பித் தரும் காற்று இயந்திரமும் அவள் பொறுப்பு. அந்த இயந்திரத்துக்குக் கம்பெனி வைத்த பெயர் 'ஏழு'. கித்தேரி வைத்த பெயர் பவளம்.

இவர்களைத் தவிர குரூசு என்று ஒருவன் இருந்தான். முப்பத்தெட்டு வயது, நல்ல வேலைக்காரன், பெண் அமையவில்லை. பெண் இல்லாததால் மச்சான் இல்லை. மச்சான் இல்லாததால் கயிறு இல்லை. விண்வெளிக்கு வந்து நாலு வருஷமாகியும் வெளியே எட்டிப் பார்க்காமல் உள்ளே கேபிள் சுற்றிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவன்தான்.

வளையம் முடிய ஒரு மூட்டு பாக்கி இருந்தபோது, பதினான்காவது நடையாக விண்ணோடம் வந்தது. அதில் சென்னியப்பன் என்ற அதிகாரி வந்து இறங்கினார். கோயம்புத்தூர்ப் பக்கம். இறங்கியதும் காலை ஆகாரத்துக்கு எல்லாரும் கூடியிருந்த இடத்துக்கு ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"இதுக்குப் பேர் காவலனுங்க," என்றார். "இனிமே கயிறு பிடிக்கிறது, சரக்குப் பிடிக்கிறது, ஓடத்தோட கொக்கி, எல்லாப் பிடியும் இதுதான். பன்னெண்டு கண்ணு. தூங்காது, கொட்டாவி விடாது, வாய்ப்பேச்சு இல்லை."

"வாய்ப்பேச்சு இல்லையா?" என்றான் தொம்மை. "அப்ப நல்ல மச்சான்தான் சார். இப்ப இருக்கது நாலு வருசமா ஒரே தொணதொணப்பு."

"நீரு வெளிய தொங்கிக்கிட்டுப் பாட்டுப் படிச்சா நான் தொணதொணக்காம என்ன வே செய்ய?" என்றார் இன்னாசி. பிறகு அதிகாரியிடம் திரும்பினார். "ஒரு சந்தேகம் சார். இது எப்ப விடும்?"

"எதைங்க?"

"கயித்தை. எப்ப விடும்?"

சென்னியப்பன் பொட்டலத்திலிருந்து ஒரு உறிஞ்சு காப்பி குடித்தார். நல்ல மனிதர்தான், பொய் சொல்ல வராது.

"அது ஒரு கணக்குங்க. வெளியே ஒருத்தர் கட்டுப்பாடில்லாம சுத்தறார், அவரோட கயித்துல ஒரு இரும்பு உத்தரமும் மாட்டிக்கிச்சுன்னு வெச்சுக்குங்க. இழுத்தா அது நிலையத்து மேல வந்து அடிக்கும். அப்ப ஒரு ஆளா, இங்கே இருக்கிற இருபத்தஞ்சு ஆளான்னு பாக்கோணுமில்லைங்களா? காவலன் ஆபத்துக்கு மார்க் போடும். எழுபதைத் தாண்டினா முடிவெடுக்கும். மனுசனுக்கு அதெல்லாம் யோசிக்க நேரம் பத்தாது. இதுக்கு ஒரு நொடியில மூணுல ஒரு பங்கு போதும்."

"யோசிச்சு?"

"விட்ருமுங்க."

தொம்மை தன் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"எனக்கும் யோசிக்க நேரம் பத்தாது சார்," என்றார் இன்னாசி. "அதனாலதான் நான் விடுகதில்ல."

சென்னியப்பன் அடுத்ததையும் சொல்லி முடித்தார். பதினொரு மச்சான்மாரும் இதே ஓடத்தில் ஊர் திரும்ப வேண்டியது. ஓடம் ஒன்பதாம் நாள் கிளம்பும். ஓடத்தில் பதின்மூன்று இருக்கை: பதினொருவர், அவர், ஓட்டி வந்த கேப்டன் ஜொஹரா.

மறுநாள் வெளியே போகும் உடுப்பை யாரும் தொடவில்லை. எடை இல்லாத இடத்தில் உட்கார்ந்து போராடுவது லேசான காரியமல்ல. உட்கார்ந்தவன் கொஞ்ச நேரத்தில் கூரைக்குப் போய்விடுவான். அதனால் இருபத்திரண்டு பேரும் சாப்பாட்டு அறையில் இடுப்புப் பட்டையால் தங்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பொழுதுபோக்குக்குச் சீட்டாட்டம். ரம்மி சேர்த்த சீட்டு பறந்துபோய் அடுத்தவன் கையில் சேர்ந்து, நிஜச் சண்டை இரண்டு வந்தது.

வளையம் காத்திருக்கிற சாமான் அல்ல. மூட்டாத இரண்டு முனைகளும் வெயிலில் நீண்டு நிழலில் சுருங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல் விட்டன. ஒன்பது நாளுக்குமேல் தாங்காது, எங்காவது கிழியும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"எல்லாரையும் வேலையை விட்டு எடுத்துருவாங்க," என்றார் சென்னியப்பன். "வேற ஆளுங்க வருவாங்க."

"வரட்டும்," என்றார் இன்னாசி. "அவங்களுக்கும் மச்சான் இருப்பாம்லா."

மூன்றாம் நாள், கீழே இருந்த சட்டப் பிரிவு ஒரு கண்டுபிடிப்பை அனுப்பியது. நாற்பத்தொன்றாம் பிரிவு, கயிறு பிடிப்பவர் மச்சானாக இருக்க வேண்டும் என்கிறது. மச்சான் மனிதனாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை.

சென்னியப்பன் அதை வாசித்துக் காட்டியதும் சாப்பாட்டு அறை சிரித்தது. கித்தேரி மட்டும் சிரிக்கவில்லை.

"சட்டப்படி சரிதான் சார்," என்றாள். "ஆனா சும்மா ஒருத்தன் வந்து மச்சான்னா ஆயிருமா? அவன் தங்கச்சியக் கட்டணும்லா. இதுக்குத் தங்கச்சி இருக்கா?"

சென்னியப்பன் கீழே கேட்டார். கீழே இருந்தவர்கள் மேலே இருந்தவர்களைவிட அவசரத்தில் இருந்தார்கள். நாலே மணி நேரத்தில் பதில் வந்தது. காவலனும் ஏழும் ஒரே பட்டறையில் ஒரே ஆண்டில் பிறந்தவை. ஆகவே உடன்பிறந்தவை. ஏழுக்குத் திருமணம் செய்வதில் கம்பெனிக்கு ஆட்சேபணை இல்லை.

"ஏட்டி!" இன்னாசிக்கு முகம் சிவந்துவிட்டது. தங்கையைக் கணினி அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். "உன் புருசன் கயித்த நீயே கொண்டு அந்தப் பெட்டிகிட்ட குடுக்கியா? நாளைக்கு அது எழுபது எழுபத்தொண்ணுன்னு விட்டுட்டா?"

"அண்ணே, கொஞ்சம் சும்மா இரியேன்."

"எப்படிட்டி சும்மா இருக்கது? நாலு வருசம் பிடிச்ச கை!"

"குரூசுக்குக் கலியாணம் பேசணும். மாப்பிள வீட்டுப் பெரியவரா வந்து நில்லு. மத்தத அப்புறமாப் பேசுவோம்."

நாலு வருஷம் எதிர்பார்த்துக் காத்திருந்த குரூசுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை.

"பொண்ணு எப்படி அண்ணாச்சி?" என்றான் இன்னாசியிடம்.

"நாலு வருசமா அவ குடுக்க காத்தத்தாம்ல மூச்சு விடுதே. இனிமே என்ன பொண்ணு பாக்கது?"

பங்குச் சாமியாரைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எல்லாருக்கும் தெரியும். ஐந்தாம் நாள் காலை கேப்டன் ஜொஹரா ஓடத்தின் பதிவேட்டில் திருமணத்தை எழுதினார். பக்கத்து ஊரான காயல்பட்டினத்துக்காரி. முகத்தில் ஒரு சிரிப்புகூட இல்லாமல் எழுதினார். குரூசு பவளத்தின் குழாயில் ஒரு செம்புக் கம்பியைக் கட்டினான். முடிச்சை அவன் மூன்று தடவை அவிழ்த்துக் கட்டியதை இன்னாசி பார்த்தார். கேலி செய்ய வாயெடுத்து, வேண்டாமென்று விட்டுவிட்டார்.

வெளியே போகிற மற்றவர்கள் என்ன ஆவது என்று சென்னியப்பன் கேட்டார். அவர்கள் எல்லாரும் குரூசுக்கு ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட சகோதரர்கள், ஆகையால் காவலன் அவர்களுக்கும் மச்சான் முறைதான் என்று கித்தேரி சொன்னாள். அது உண்மைதான். அந்தக் கடற்கரையில் யாரை யாரோடு முடிச்சுப் போட்டாலும் மூன்றாவது முடிச்சில் சொந்தம் வந்துவிடும். ஒரே ஒரு காரியம் பாக்கி: முறை, மரியாதை, சடங்குகளை இரண்டு இயந்திரங்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தாள். மறுவீடு அழைப்பது, மாப்பிள்ளைக்கு முதலில் வணக்கம் சொல்வது என்று முதல் மூன்று பக்கங்களைப் படித்த சென்னியப்பன், மீதிப் பக்கங்களில் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். இருபத்திரண்டு பேரும் போட்டார்கள். கடைசியாகப் போட்டவர் இன்னாசி. பேனா கிழித்துக்கொண்டு போகிற அளவுக்கு அழுத்திப் போட்டார்.

ஆறாம் நாள் தொம்மையும் குரூசும் வெளியே போனார்கள்.

கயிற்றின் சக்கரம் நிலையத்துக்கு வெளியே இருந்தது. அதைப் பிடிக்கும் கைப்பிடி உள்ளே, கண்ணாடிக்குப் பின்னால். இன்னாசி வழக்கம்போல் அதன் பக்கத்தில் போய் நின்றார். கைப்பிடியின் இணைப்பை முந்தின நாளே கழற்றிவிட்டார்கள். அவர் கைக்கு வேலையில்லை. விரல்கள் தானாக மூடித் திறந்தன.

வேலை முக்கால்வாசி நன்றாகத்தான் நடந்தது. உத்தரத்தை மூட்டுக்குள் நுழைக்கும் நேரத்தில் குரூசு தலையைத் திருப்பி முதன்முறையாகப் பூமியைப் பார்த்தான். "அழகு," என்றான். அந்த ஒரு சொல்லுக்கு உத்தரத்தின் வேகத்தைத் தடுக்கும் பிடியை விட்டுவிட்டான்.

நாலு டன் இரும்பு அவசரமே இல்லாமல் நகர்ந்து, தொம்மையின் கயிற்றை வளைத்து, அவனையும் இழுத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது.

"மச்சான்!" என்றது ஒலிபெருக்கியில் தொம்மையின் குரல். காவலனை அல்ல, நாலு வருஷப் பழக்கத்தில் இன்னாசியைத்தான் கூப்பிட்டான்.

இன்னாசி கைப்பிடியில் பாய்ந்தார். அது காற்றாடி மாதிரிச் சும்மா சுற்றியது.

காவலனின் திரையில் எண்கள் ஏறின. ஐம்பத்தெட்டு. அறுபத்தாறு. சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். எழுபதில் என்ன நடக்கும் என்று அங்கே அவர் ஒருவருக்குத்தான் முழுதாகத் தெரியும். அந்தக் கணக்கை எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

எழுபத்தொன்று. எண்பது. தொண்ணூற்று மூன்று.

அவர் கண்ணைத் திறந்து பார்த்தபோது கயிறு அப்படியே இருந்தது.

பிறகு நிலையம் முழுவதும் ஒரு குலுக்கல். தட்டு, தம்ளர், சீட்டுக்கட்டு, கட்டிக்கொள்ளாமல் நின்ற ஆட்கள் எல்லாம் ஒரே பக்கமாகப் பறந்தார்கள். காவலன் நிலையத்தின் உந்துகலன்களை எரித்திருந்தது, ஒன்றல்ல, எட்டையும். இழுத்தால் உத்தரம் வந்து அடிக்கும், விட்டால் தொம்மை போய்விடுவான். ஆகவே அது இரண்டையும் செய்யவில்லை. அறுநூறு டன் நிலையத்தை உத்தரத்தின் பாதையிலிருந்து ஒதுக்கி, அவன் கூடவே, அவன் வேகத்திலேயே ஓட்டிக்கொண்டு போனது. ஆளை நிலையத்துக்கு இழுக்காமல், நிலையத்தை ஆளிடம் கொண்டுபோனது. போகிற வழியில் ஒரு சூரியத் தகடு முறிந்தது. பதினொரு மாத எரிபொருள் ஏழு நிமிடத்தில் தீர்ந்தது. ஏழாவது நிமிடம் கயிற்றைச் சுருள் சுருளாகத் தளர்த்தி, உத்தரத்திலிருந்து கழற்றி, தொம்மையை வாசலில் கொண்டுவந்து வைத்தது. குரூசு அவனுக்கு முன்பே வந்து வாசல் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான்.

தலைக்கவசத்தைக் கழற்றியதும் தொம்மை கேட்டான்: "நீரு பிடிச்சீரா மச்சான்?"

"இல்ல மாப்ள." இன்னாசி அவன் இடுப்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "நான் பிடிக்கல."

"ஏன் விடலை?" சென்னியப்பன் கத்தினார். சந்தோஷமா கோபமா என்று அவருக்கே தெரியாத கத்தல். "தொண்ணூத்தி மூணுங்க! அது ஏன் விடலை?"

கித்தேரி தன் புருஷனின் காலணியைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "முப்பத்தாறாம் பக்கம் சார். துட்டி."

"என்னதுங்க?"

"எங்க ஊர்ல சாவு வுழுந்த வீடு துட்டி வீடு. அந்த வீட்டுல மூணு நாளைக்கு அடுப்பு மூட்ட மாட்டோம், ஒரு வேலையும் செய்ய மாட்டோம். பவளம் இப்ப எங்க வீட்டுப் பொண்ணு. குரூசோட சொந்தத்துல யார் செத்தாலும் அவளுக்குத் துட்டி. மூணு நாள் ஓட மாட்டா."

"காத்து?"

"இங்க காத்து ரெண்டு நாளைக்குத்தான் இருக்கும்."

சென்னியப்பன் மெதுவாகப் புரிந்துகொண்டார். காவலனின் கணக்கில் ஒரு எழுத்தைக்கூட அவள் மாற்றவில்லை. அது இப்போதும் ஒரு ஆளா, இருபத்தைந்து ஆளா என்றுதான் பார்த்தது. ஒரு ஆள் போனால் தங்கச்சி துட்டியில் உட்காருவாள், அவள் உட்கார்ந்தால் இருபத்தைந்து பேரும் போவார்கள் என்பது அதற்கு இப்போது தெரியும். அவ்வளவுதான்.

"நீங்க எல்லாரும் சேர்ந்து சாகறதுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க!"

"ஆமா சார். நீங்களும்."

"அதை எடுங்க. உடனே எடுங்க!"

"கலியாணத்தையா? எங்க வேதத்துல அதை அத்துவிட வழி இல்ல சார்."

இன்னாசி தங்கையைப் பார்த்தார். என்னென்னவோ சொல்ல வந்தது. "முப்பத்தாறாம் பக்கத்தை என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?" என்றார்.

"நீ மூஞ்சியில காட்டிருவ அண்ணே."

தொம்மை விழுந்து விழுந்து சிரித்தான். எடை இல்லாததால் விழ முடியாமல் சுற்றிச் சுற்றிச் சிரித்தான்.

எட்டாம் நாள் மூட்டு முடிந்தது. வளையம் முனகுவதை நிறுத்தியது. இயந்திரம் விடாது என்றால் மனிதன் எதற்கு என்று கீழே இருந்து உத்தரவு வந்தது: மச்சான்மார் பதினொருவரும் திட்டப்படியே ஊர் திரும்ப வேண்டும். இன்னாசி மறுக்கவில்லை. காவலனின் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "பாத்துக்க வே," என்று சொல்லி ஓடத்தில் ஏறி, பட்டையைப் போட்டுக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் காலை கேப்டன் ஜொஹரா ஓடத்தின் கொக்கியை விடுவிக்கும் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். காவலனிடமிருந்து திரையில் ஒரு வரி வந்தது.

"உறவினர் பதினொருவர் உள்ளே. யாருக்கு என்ன ஆனாலும் துட்டி. இந்த ஓடத்தில் அனுப்ப இயலாது."

கீழே ஒரு பட்டியல் ஓடியது. கழன்ற வெப்ப ஓடுகள், கசியும் வால்வு, தேய்ந்த சக்கரம் என்று இருநூற்றுப் பன்னிரண்டு பழுது. தரை இறங்குவதில் ஆபத்து, தொண்ணூறு தடவைக்கு ஒரு விபத்து.

"மூணு வருசமா நான் எழுதிக் குடுக்குற லிஸ்டு," என்றார் ஜொஹரா. "எனக்கு நூத்தித் தொண்ணூறுதான் தெரிஞ்சிச்சு."

சென்னியப்பன் கழுத்தை நீட்டிப் படித்தார். கடைசி வரி பொடி எழுத்தில் இருந்தது: "உறவினர் அல்லாத இருவர் மட்டும் செல்வதானால் தடை இல்லை."

"நான் வரல," என்றார் ஜொஹரா, பட்டையைக் கழற்றிக்கொண்டே. "நீங்க போறதுன்னா போங்க. வண்டி தானாவே இறங்கிரும். பெரும்பாலும் இறங்கிரும்."

இருநூற்றுப் பன்னிரண்டையும் சென்னியப்பன் முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். இந்த முறை ஒரு பக்கத்தையும் தாண்டவில்லை. பிறகு வாசலில் நின்ற கித்தேரியைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"கித்தேரியம்மா. தண்ணி சுத்தம் பண்ற மிஷின் ஒண்ணு இருக்குதில்லீங்க?"

"ஆமா, இருக்கு."

"அதுவும் அதே பட்டறைங்களா?"

"அதே பட்டறைதான் சார். எல்லாத்துக்கும் இளையவ."

"அதுக்கு... எங்கயாச்சும் பேசி வெச்சிருக்கீங்களா?"

கித்தேரி அண்ணனைப் பார்த்தாள். சம்பந்தம் பேசுவது பெரியவர்கள் காரியம்.

இன்னாசி பட்டையை நிதானமாக அவிழ்த்தார். "சாருக்கு இன்னும் கலியாணம் ஆகலியோ?"

"இல்லீங்க."

"நல்ல குடும்பந்தான், பாத்தாலே தெரியுது. பொய் பேசத் தெரியல, அதுவும் நல்லதுதான்." மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். "ஆனா பாருங்க சார், கயித்த எப்ப விடணும்னு கணக்குப் போடுற உத்தியோகத்துல இருக்க ஆளுக்கு நாங்க பொண்ணு குடுக்கதில்ல."

சென்னியப்பன் பையிலிருந்து கம்பெனித் தாளை எடுத்து, அங்கேயே முழங்காலில் வைத்து, எழுபது என்ற எல்லையையும் 'விடு' என்ற கட்டளையையும் எல்லா நிலையங்களிலும் நீக்கும்படி எழுத ஆரம்பித்தார்.

இன்னாசி அவர் தோளுக்குப் பின்னால் போய் நின்று ஒவ்வொரு வரியையும் படித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பார்க்கும்போது எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமே.